பாக்டீரியாவின் குலதெய்வம்

பாக்டீரியாவுக்கு நட்சத்திரம் உண்டு, ராசி உண்டு, குலதெய்வமும் உண்டு என்று கண்டுபிடித்த பெருமை மதுரை ஒத்தக்கடைக்குச் சேர வேண்டும். விஞ்ஞானிகள் இத்தனை வருஷமாகக் கண்ணாடிக் குழாயை வைத்துக்கொண்டு என்ன கிழித்தார்களோ தெரியவில்லை. ஒத்தக்கடைக்கு ஒரு மடக்கு மேசையும் ஒரு பிளக் பாயிண்ட்டும் போதுமானதாக இருந்தன. மேலூர் ரோட்டில் ஆனைமலையைப் பார்த்தபடி நிற்கும் கங்கோத்ரி அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில்தான் அந்த மேசை போடப்பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. அக்கம்பக்கத்து அடுக்ககங்களின் சங்கச் செயலாளர்கள், பெண்கள் விடுதி நடத்துகிறவர்கள், கல்யாண மண்டபக்காரர்கள், ஒரு பல் டாக்டர் என்று எல்லோரும் தங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். படித்த டாக்டருமா என்று கேட்காதீர்கள். அவர் பல்லுக்குத்தான் படித்தவர்.

மேசைக்குப் பின்னால் ஜலயோகி அனந்தபத்மநாபர் வீற்றிருப்பார். காவி ஜிப்பா, கழுத்தில் ஸ்படிக மாலை, காதில் புளூடூத். அவர் முன்னால் 'ஜலநேத்திரம்' என்ற கறுப்புப் பெட்டி இருக்கும். அதிலிருந்து உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கண்ணாடி டம்ளரை எடுப்பார். ஒன்றில் பக்தர் கொண்டுவந்த குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் தன்னுடைய கமண்டலத் தீர்த்தம். கம்பிகளை இரண்டிலும் இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டுவார்.

குழாய்த் தண்ணீர் முதலில் மஞ்சளாகும். பிறகு பழுப்பாகும். பிறகு அதில் பச்சையும் கறுப்புமாகத் திரிதிரியாக ஏதோ மிதந்து, மேலே நுரை தள்ளும். தீர்த்தமோ போட்டது போட்டபடி பளிங்காக இருக்கும்.

"இதைத்தான் குடிக்கிறீங்க. இதைத்தான் பிள்ளைகளுக்கும் குடுக்கிறீங்க" என்பார் ஜலயோகி, யாரையும் குறை சொல்லாத குரலில். அதற்குள் பத்துப் பேர் செல்போனை எடுத்திருப்பார்கள். ஏனென்றால் நிவாரணம் செல்போனில்தான் இருந்தது.

அதன் பெயர் 'ஜல ஜாதகம்'. ஆப். இறக்கிக்கொண்டு வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம், குலதெய்வம் எல்லாம் நிரப்பிச் சந்தா கட்டிவிட்டால், தினமும் பிரம்ம முகூர்த்தத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரின் பாக்டீரியா அறிக்கை வந்து விழும். பச்சை என்றால் கங்காதேவி தாமரையில் உட்கார்ந்து சிரிப்பாள். சிவப்பு என்றால் கோரைப்பல் அரக்கன் ஒருவன் குழாயிலிருந்து எட்டிப் பார்ப்பான். கட்டடம் முழுவதற்குமான அறிக்கை வாட்ஸ்அப் குழுவுக்குத் தனியாகப் போகும். யார் வீட்டில் கங்கா, யார் வீட்டில் அரக்கன் என்று ஊருக்கே தெரியும். அறிக்கை விழுந்த கையோடு எல்லோரும் கும்பிடு போடும் பொம்மையை அனுப்புவார்கள்.

ஒரே தொட்டி, ஒரே மோட்டார், ஒரே குழாய். இதில் பூரட்டாதிக்காரர் வீட்டில் பாக்டீரியா கொஞ்சம் தூக்கலாகவும் ரோகிணிக்காரர் வீட்டில் மட்டாகவும் எப்படி இருக்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டால் தோஷம் என்று ஆப்பிலேயே போட்டிருந்ததோ என்னவோ.

இந்த அதிசயத்தைக் கங்கோத்ரிக்குக் கொண்டுவந்த புண்ணியவான் 1-பியில் குடியிருந்த ஹாலாஸ்யம். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது அடுக்ககச் சங்கச் செயலாளர். எதைச் சொன்னாலும் "டிஜிட்டல் பண்ணிடலாம்" என்பார். கேட்டில் கேமரா வைத்தார். லிஃப்டில் டிவி வைத்தார். மிச்சம் இருந்தது தண்ணீர்தான்.

அதற்கு முன்னால் தண்ணீர் விவகாரம் பழைய பாணியில் நடந்துகொண்டிருந்தது. மோட்டார் பார்க்கும் சுருளி மாதாமாதம் ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஆய்வுக்கூடத்தில் கொடுத்துவிட்டு வருவான். தரைக்கடியில் இருக்கும் சம்ப்பைக் கழுவி, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவான். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு தாள் வரும். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அதை யாரும் படித்ததில்லை. கறுப்பு வெள்ளைத் தாளில் பாக்டீரியா இல்லை என்று அச்சடித்திருந்தால் யாருக்கு சுவாரஸ்யம்? தாமரையும் இல்லை, தேவியும் இல்லை.

ஜல ஜாதகத்தைப் பார்த்ததும் ஹாலாஸ்யத்துக்கு ஜன்மம் சாபல்யமாகிவிட்டது. பக்தியும் இருந்தது, டிஜிட்டலும் இருந்தது. இருந்தாலும் முன்னாள் மேலாளர் ஆயிற்றே, விசாரிக்காமல் இறங்குவாரா? 2-ஏயில் இருந்த மென்பொருள் கம்பெனிக்காரன் சாய்ராமைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் ஆப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "டிசைன் நல்லாருக்கு அங்கிள், உள்ள ஏஐ இருக்கு" என்றான். ஏஐ இருக்கிறது என்று சொன்ன பிறகு கேள்வி கேட்டால் நாம்தானே பட்டிக்காட்டான்? அன்றே சங்கத்தைக் கூட்டி, ஆய்வுக்கூடத்துக்கு இனி மாதிரி அனுப்புவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள்.

அதோடு விட்டார்களா? சம்ப்பின் மூடியைச் செப்புத் தகடால் அடைத்து, மேலே யந்திரம் பொறித்து, சுற்றிலும் சிமெண்ட் பூசிவிட்டார் ஜலயோகி. நடுவில் ஒரு துவாரம் மட்டும் விட்டிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் துவாரம் வழியாக அபிஷேகம். பால், தேன், பன்னீர், பஞ்சாமிர்தம், உதிரிப்பூ என்று ஆளாளுக்கு ஒரு சொம்பு கொண்டுவந்து குடிக்கிற தண்ணீரில் ஊற்றினார்கள். பிளீச்சிங் பவுடருக்கு மட்டும் தடை. குளோரின் பட்டால் மந்திர அலை கலைந்துபோகுமாம். பாக்டீரியாவுக்கு இப்படி ஒரு மாமியார் வீட்டு விருந்து எந்த ஊரிலும் கிடைத்திருக்காது.

சுருளி ஒரு தடவை தலையைச் சொறிந்துகொண்டு வந்து, சம்ப்பைக் கழுவி ரொம்ப நாளாச்சு, துவாரத்துப் பக்கம் ஒரு மாதிரி வாடை வருது என்று சொல்லிப் பார்த்தான். அதெல்லாம் ஆப் பார்த்துக்கொள்ளும் என்றார் ஹாலாஸ்யம். அவர் வீட்டுக்குப் பிளாட்டினம் சந்தா. தினமும் பச்சை. தினமும் கங்காதேவி அவரைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

கட்டடத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் அரக்கன். 3-சி. அங்கே வாடகைக்கு இருந்தவள் சரண்யாதேவி. பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். கீழக்குயில்குடியில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து படித்து வந்தவள். வீடு கேட்டு வந்த அன்றைக்கே ஹாலாஸ்யம் அவளிடம் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், குலசாமி எது என்று சுற்றி வளைத்தார். இந்தப் பக்கத்தில் குலசாமி எது என்று கேட்பது சாமி கும்பிடுவதற்காக இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவள், "மாசம் பொறந்தா வாடகை வந்துரும் சார்" என்று மட்டும் சொன்னாள். இப்போது அதே கேள்வியை ஆப்பும் கேட்டது. அவள் ஆப்பையே அழித்துவிட்டாள். ஆனால் கட்டடத்தின் வீட்டு எண்களையெல்லாம் ஹாலாஸ்யம் முன்பே ஏற்றிக் கொடுத்திருந்ததால், தினமும் பட்டியலில் 3-சி சிவப்பாக வந்தது. குலதெய்வம் இல்லாத தண்ணீர் வேறு எப்படி வரும்?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜானுவுக்குக் காய்ச்சல் வந்தது.

ஜானு ஹாலாஸ்யத்தின் மனைவி. வாய் கொஞ்சம் நீளம். ஜலயோகி அங்கே வந்த நாளிலிருந்தே அவரைத் "தண்ணி சாஸ்திரிகள்" என்றுதான் சொல்லுவாள். ஹாலாஸ்யத்துக்கு ஊரெல்லாம் செயலாளர் என்று பெயர் இருந்தாலும், காபியில் சர்க்கரை போட்டதா இல்லையா என்பதைக்கூட அவளைக் கேட்டால்தான் தெரியும். பிள்ளை குட்டி கிடையாது. அவருக்கு அவள், அவளுக்கு அவர். அவ்வளவுதான் குடும்பம்.

சாயங்காலமானால் உடம்பு கொதித்தது. வயிறு வலித்தது. நாக்கு வெளுத்து, சாதத்தைக் கண்டால் குமட்டியது. டாக்டரிடம் போகலாம் என்றாள். ஹாலாஸ்யம் போனைப் பார்த்தார். பச்சை. பாக்டீரியா பூஜ்யம். பிறகு எப்படி நோய் வரும்? ஜலயோகியைக் கேட்டார். அது நோயே இல்லை, தேகசுத்தி, ஜன்மாந்தர அழுக்கு வெளியேறுகிறது, தடுக்கக்கூடாது, இன்னும் நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்றார் ஜலயோகி. ஹாலாஸ்யம் சம்ப்புத் தண்ணீரை வெள்ளி டம்ளரில் பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தாங்கிப் பிடித்து, வேளை தவறாமல் புகட்டினார். அன்புக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அவளைக் கொன்றுகொண்டிருந்தது அந்த அன்புதான் என்று அவருக்கு அப்போது தெரியவில்லை.

ஜானு மட்டுமில்லை. கட்டடத்தில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வயிற்றுப்போக்கில் படுத்தன. சரண்யாதேவி சும்மா இருக்கவில்லை. தண்ணீரில் கழிவுக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கப் பள்ளிக்கூடத்தில் ஒரு மருந்து போட்ட குட்டிப் பாட்டில் இருந்தது. அதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒருநாள் வைத்தால், கழிவு கலந்திருந்தால் கறுத்துப்போகும். அவள் பிடித்து வைத்தது மறுநாளே மையாகக் கறுத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு 1-பி கதவைத் தட்டினாள்.

"சார், தண்ணில சாக்கடை கலக்குது. சம்ப்பத் திறந்து பாக்கணும். அதுவரைக்கும் எல்லாரையும் கொதிக்க வச்சுக் குடிக்கச் சொல்லுங்க."

ஹாலாஸ்யம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது. கறுப்பு என்றால் சனியின் நிறம் அல்லவா? உடனே படம் எடுத்து ஜலயோகிக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது. சனி பார்வை 3-சியில் விழுந்திருக்கிறது, அங்கிருந்துதான் தோஷம் குழாய் வழியாகக் கட்டடம் முழுக்கப் பரவுகிறது. ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் கொண்டுவந்த ஆதாரம் அவளுக்கு எதிராகவே சாட்சியாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை தோஷ நிவர்த்தி பூஜை என்றும், அன்றைக்கே 3-சியைக் காலி பண்ணச் சொல்லித் தீர்மானம் என்றும் குழுவில் செய்தி போட்டார் ஹாலாஸ்யம். வரிசையாகக் கும்பிடு விழுந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஜானு அடுக்களையில் மயங்கி விழுந்தாள்.

ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவு பாதி இருந்தது, பாதி இல்லை. டைபாய்டு என்றார் டாக்டர். முற்றவிட்டிருக்கிறீர்கள், குடலில் ஓட்டை விழுந்தால் உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது, நாளைக் காலை வரைக்கும் பார்க்கலாம் என்றார். என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றும் கேட்டார். ஹாலாஸ்யம் போனை எடுத்துக் காட்டினார். தாமரையில் கங்காதேவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் போனைப் பார்த்தார். பிறகு ஹாலாஸ்யத்தைப் பார்த்தார்.

"போனுக்கு டைபாய்டு இல்ல சார். உங்க வீட்டம்மாவுக்கு இருக்கு."

ஹாலாஸ்யம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். யார் பார்க்கிறார்கள் என்றெல்லாம் கவலைப்படவில்லை. மறுநாள் விடிந்து, காய்ச்சல் ஒரு பிடி இறங்கியிருக்கிறது என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. ஜானுவின் தங்கையைத் துணைக்கு வைத்துவிட்டு, மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தார். வரும் வழியில் போனைப் பார்த்தார், விடிவதற்கு முன்பே அறிக்கை வந்து விழுந்திருந்தது. 1-பி, பாக்டீரியா பூஜ்யம், பச்சை.

கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் அலைமோதியது. ஹோமகுண்டம் புகைந்தது. பல் டாக்டர் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். ஒரு ஓரத்தில் சரண்யாதேவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் மட்டும் நாலு பேர் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. தோஷம் தொற்றிக்கொள்ளும் அல்லவா?

ஹாலாஸ்யம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மேசைக்குப் போனார்.

"சுவாமி, எங்காத்துல பச்சை. ஜானுவுக்கு டைபாய்டு. எப்படி?"

ஜலயோகி அசரவில்லை. இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் அவரிடம் பதில் தயாராக இருக்கும். ஹாலாஸ்யத்தின் பச்சை அசல் பச்சைதானாம். ஆனால் மேலே 3-சியில் இருக்கும் சிவப்பு, குழாய் வழியாக இறங்கி வந்து அந்தப் பச்சையைக் கடித்துவிட்டதாம். கூட்டம் மொத்தமாகத் திரும்பிச் சரண்யாதேவியைப் பார்த்தது.

அவள் மேசைக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"சாமி, இந்தத் தீர்த்தம் சுத்தமானதா?"

"இமயமலைக் கங்கோத்ரியிலிருந்து வந்தது. இதில் பாக்டீரியா தலைவைத்தும் படுக்காது."

"அப்ப இதுல ஒரு சிட்டிகை உப்பப் போட்டு உங்க கம்பிய இறக்குங்க. உப்புல பாக்டீரியா வளராது. ஊறுகாய் போடறவங்க எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்பறமும் இது பளிங்கா இருந்தா, நான் இன்னைக்கே வீட்டக் காலி பண்ணிட்டுப் போறேன்."

கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். ஜலயோகி சட்டென்று டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சிவப்பு வீட்டுக்காரியின் கை பட்ட உப்பு தோஷ உப்பு, அதைத் தீர்த்தத்தில் போடுவது மகாபாவம் என்றார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. அவளுடைய உப்புக்குக்கூட அங்கே அனுமதி இல்லை.

ஹாலாஸ்யம் மாடிக்குப் போனார். அடுக்களை, ஜானு விழுந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே கிடந்தது. கரண்டி ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம். மேடையில் இருந்த உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு கீழே வந்தார்.

"இது எங்காத்து உப்பு. பிளாட்டினம் சந்தா. இதுல தோஷம் இல்லையே?"

ஜலயோகி வாயைத் திறப்பதற்குள் ஒரு பிடி உப்பை அள்ளித் தீர்த்தத்தில் போட்டார். சிட்டிகை என்று சொன்னதெல்லாம் அவருக்கு நினைவில்லை. கம்பியை இறக்கிச் சுவிட்சைத் தட்டினார்.

கங்கோத்ரித் தீர்த்தம் மஞ்சளானது. பழுப்பானது. நுரை தள்ளியது. பச்சையும் கறுப்புமாகத் திரிதிரியாக மிதந்து, வழிந்து, மேசைத் துணியில் இறங்கியது. குழாய்த் தண்ணீர்கூட இந்த அழகுக்கு வந்ததில்லை. முன்வரிசையில் யாரோ "ஆத்தீ" என்றார்கள்.

சரண்யாதேவி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற மாதிரிதான் சொன்னாள். தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்ட் பாயும். கரண்ட் பாய்ந்தால் கம்பியில் இருக்கும் இரும்பு கரையும். மிதப்பது பாக்டீரியா இல்லை, துரு. ஒத்தக்கடை போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர், அதனால் கலங்குகிறது. கமண்டலத்தில் இருப்பது கேன் தண்ணீர், அதில் உப்பே இல்லை, அதனால் கலங்கவில்லை. வாட்டர் ஃபில்டர் விற்கிறவர்கள் தெருத்தெருவாகக் காட்டுகிற வித்தை இது. பாக்டீரியா இருக்கிறதா இல்லையா என்று இந்தப் பெட்டிக்குத் தெரியவே தெரியாது.

படித்தவன் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுப்பானா? சாய்ராம் முன்னால் வந்து, பெட்டியில் ஏதாவது கோளாறு இருக்கலாம், ஆப் வேறு, பெட்டி வேறு, ஆப்பின் கணக்கு தப்பாது என்று வாதாடினான்.

"சரி தம்பி. இன்னைக்குக் காலையில குரூப்புல வந்த அறிக்கையில கடைசி வரியப் படிங்க" என்றாள் அவள்.

சாய்ராம் படித்தான். "5-டி. திரு. கண்ணுச்சாமி. பூசம், கடகம். பாக்டீரியா பூஜ்யம். அமிர்த நிலை. பச்சை."

"அஞ்சாவது மாடி எங்க இருக்கு?"

கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. கங்கோத்ரிக்கு நாலு மாடிதான். அதற்கு மேலே கொடியில் ஒரு லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு காக்கா.

"கண்ணுச்சாமின்னு யாரும் இல்ல. போன வாரம் நானே ஒரு பேரப் போட்டு, நட்சத்திரம் போட்டு, இருக்கறதிலயே மலிவான சந்தாவக் கட்டினேன். மறுநாளே பச்சை. இல்லாத வீட்டுல, இல்லாத குழாயில, இல்லாத தண்ணி சுத்தமா இருக்காம். நீங்களும் தினம் கும்பிடு போடறீங்க. சந்தா கட்டினா பச்சை, கட்டாட்டி செகப்பு. இம்புட்டுத்தான் உள்ள இருக்கற ஏஐ."

ஹாலாஸ்யத்துக்கு முகம் எரிந்தது. அந்த வரிக்கு நேற்று முன்தினம் அவரும் கும்பிடு போட்டிருந்தார். கண்ணுச்சாமி யார் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அமிர்த நிலை வந்திருக்கிறதே, பாக்கியவான் என்று பொறாமைதான் பட்டார்.

கூட்டம் வாய் பிளந்து நின்ற நேரத்தில் ஜலயோகி மெதுவாகப் பிளக்கைப் பிடுங்கினார். அப்போது பின்னாலிருந்து டொம் டொம் என்று சத்தம் கேட்டது. யார் சொல்வதற்கும் காத்திராமல் சுருளி கடப்பாரையைக் கொண்டுவந்து சம்ப்பு மூடியின் சிமெண்ட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் கை கொடுத்தார்கள். செப்புத் தகடு சாய்ந்தது.

நாற்றம் வந்தது. அடுத்த தெருவரைக்கும் வந்திருக்கும். எட்டிப் பார்த்த பல் டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். பால் திரிந்து ஆடையாக மிதந்தது. அதன் மேல் அழுகிய பூ, ஊறிப்போன வாழைப்பழம், பஞ்சாமிர்தப் பிசுக்கு. ஒரு மூலையில் சுவர் விரிசல் விட்டு, பக்கத்தில் போகும் கக்கூஸ் குழாயிலிருந்து கசிவு சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மாதாமாதம் கழுவியிருந்தால் சுருளியே பார்த்திருப்பான். ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பாட்டில் போயிருந்தால் அந்தத் தாளே கத்தியிருக்கும். ஆனால் மூடியைச் சுற்றிச் சிமெண்ட் பூசியிருந்தது, போனில் கங்காதேவி சிரித்துக்கொண்டிருந்தாள்.

கேட்டில் மறித்துப் பிடித்தபோது ஜலயோகி காவியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். ஹாலாஸ்யம் அவருடைய பனியனைப் பிடித்து உலுக்கினார். அடிக்கக் கையை ஓங்கினார், அழுகை முந்திக்கொண்டது.

"எம்பொண்டாட்டி செத்துப்போயிருப்பாளே ஐயா."

அனந்தபத்மநாபன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். யோகி என்ற மரியாதை இனி எதற்கு?

"நான் மொதல்ல ஃபில்டர்தான் வித்தேன் சார். இதே பெட்டி, இதே கம்பி. வெயில்ல வீடு வீடா ஏறி இறங்கினேன். இது எப்படி வேலை செய்யுது, கரண்டு எவ்வளவு இழுக்கும், கேரண்டி உண்டான்னு ஆயிரம் கேள்வி கேட்டீங்க. காவியப் போட்டேன். ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல."

போலீஸ் வந்து பெட்டியோடு அவனை ஏற்றிக்கொண்டு போனது. அவன் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. ஆனாலும் கூட்டம் கலையும்போது ஒரு கல்யாண மண்டபக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் ரகசியமாக விசாரித்தார். இவன் போனால் போகிறான், திருப்பரங்குன்றம் பக்கம் இன்னொருத்தர் இருக்கிறாராமே, அவர் ஆப் நம்பகமானதா?

ஹாலாஸ்யம் 3-சிக்கு ஏறிப் போனார். வாசலில் நின்றுகொண்டு, "நான் உங்களைக் கேட்டதெல்லாம் தப்பும்மா" என்றார். சரண்யாதேவி ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் தனக்குத் தகும் என்று ஹாலாஸ்யத்துக்கும் தோன்றவில்லை.

"எங்கிட்ட மன்னிப்பு அப்பறம் கேக்கலாம் சார். ஆஸ்பத்திரியில அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க. போங்க. நான் சம்ப்பு கழுவறதப் பாத்துக்கிட்டு நாளைக்கு அம்மாவப் பாக்க வாரேன்."

ஆஸ்பத்திரியில் ஜானு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் பாதியாகியிருந்தது. தங்கை கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்து பார்த்து, பிழைத்துக்கொண்டாள், குடலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஹாலாஸ்யம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். உப்பை அள்ளிப் போட்டது, இல்லாத ஐந்தாவது மாடி, சம்ப்பில் மிதந்த பால், எதையும் மறைக்கவில்லை. தான் புகட்டிய வெள்ளி டம்ளரையும் மறைக்கவில்லை.

ஜானு முழுக்கக் கேட்டாள். வாய் நீளமான ஜானு ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏன்னா, நேத்திக்கு நான் போயிருந்தேன்னா, இன்னிக்குக் காலம்பற உங்க போன்ல நம்மாத்துக்கு என்ன கலர் வந்திருக்கும்?"

ஹாலாஸ்யம் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பதில் தெரியும். கட்டிய சந்தா இன்னும் முடியவில்லை. பச்சைதான் வந்திருக்கும். கட்டடமே கும்பிடு போட்டிருக்கும்.

உங்கள் போனிலும் ஏதோ ஒரு பச்சை எரிந்துகொண்டுதான் இருக்கும். கும்பிடு போட விரல் எழும்புவதற்கு முன்னால், மூளை என்று ஒன்று உள்ளே இருக்கிறதா என்று ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குச் சந்தா கிடையாது.